ஒரே எண்ணில் இரண்டு சிலிண்டர்

அடி என் மெர்சிக் கண்ணே,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் தினமும் உன்னிடம் பேச்சைத் தொடங்குவேன். இப்போது அதைக் கேட்க முடியாமல், வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடி.

பல்லி மேலே விழுந்தால் ஆபீசே கூடுகிற மாதிரி கத்துவேனே, அந்தப் பயம் இல்லை. தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்தால் போதும், அது நிற்கிறதா என்று வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். வீட்டில் சொன்னால் "வேலையை விட்டுத் தொலை" என்பார் அவர். ஆபீசில் சொன்னால் அது மேனேஜர் பாஸ்கர் சார் காதுக்குப் போய் எனக்கே திரும்பி வரும். அதனால் உனக்கு எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ அதுவரை கொட்டாவி விட்டுக்கொள். மெர்சியும் நானும் ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் இன்ஜினியர்கள். அங்கே செய்வது வேன்களுக்குப் போகும் மாஸ்டர் சிலிண்டர். ஓட்டுநர் பெடலை மிதித்தால் அந்தச் சிலிண்டரில் இருக்கும் எண்ணெய்தான் அழுந்திச் சக்கரங்களைப் பிடிக்கும். அது கசிந்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால் ஒவ்வொரு சிலிண்டரும் கசிவுச் சோதனை மெஷினில் ஏறி இறங்க வேண்டும். மெஷின் அதன் மேல் ஒரு எண்ணைப் பொறிக்கும், பாஸா ஃபெயிலா என்று பக்கத்திலிருக்கும் கணினியில் பதியும். பேக்கிங்கில் அந்த எண்ணை ஸ்கேன் செய்தால் பாஸானதற்குப் பச்சை விளக்கு, ஃபெயிலுக்குச் சிவப்பு. அந்தப் பதிவும் அந்த விளக்கும் எங்கள் புரோகிராம்.

இதற்கென்று பெரிய சர்வர் எதுவும் கிடையாது. புரோகிராமுக்குள்ளேயே குடியிருக்கிற குட்டி டேட்டாபேஸ், ஒரே ஒரு கோப்பு. எழுதும்போது மட்டும் அதன் பக்கத்தில் இன்னொரு கோப்பு முளைக்கும். புதுப் பதிவுகள் முதலில் இந்த இரண்டாவதில் விழும், பிறகு நேரம் பார்த்துப் பெரிய கோப்புக்குள் போய்ச் சேரும். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிவதால் மெர்சி அதை வால் என்பாள். "பல்லிக்கு வால் போனா முளைக்கும்டி, இதுக்கு முளைக்காது" என்று புதிதாக வருகிறவர்களை மிரட்டுவாள். யாரும் மிரண்டதாகத் தெரியவில்லை.

போதும், இனி உன்னோடு பேசுகிறேன்.

நீ ஆடி மாதத்தில் போனாய். தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு படப்பை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் நம் பழைய சண்டைதான். சில மாதம் மூத்தவள் என்பதற்காக உன்னை அக்கா என்று கூப்பிட வேண்டுமாம் நான். "உன் பொண்ணு என்னைப் பெரிம்மான்றா, அப்போ நீ எனக்கு இன்னா வேணும்? சொல்லுடி பார்க்கலாம்" என்று கேட்டாய். போடி கிழவி என்றேன். நீ சிரித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினாய்.

அந்த டிவி போர்டு நினைவிருக்கிறதா? மறப்பாயா நீ. வருகிற கஸ்டமர்கள் பார்த்து அசர வேண்டும் என்று நுழைவாயிலில் பாஸ்கர் சார் மாட்டிய பெரிய திரை. இன்று எத்தனை சிலிண்டர் தயாரானது என்று நொடிக்கு நொடி காட்டும். வெளியாட்களை வைத்துச் செய்தார். அவர்கள் எழுதிய புரோகிராம் நம் டேட்டாபேஸைப் படிக்கத் திறக்கும், அதற்குப் பிறகு மூடவே மூடாது. நீ புலம்புவாய். "ஒருத்தன் படிச்சிக்கினே கீறான்னா வால் எப்பிடிடி உள்ள போவும்? பந்தியில குந்தினவன் எழுந்தாதானே இலை எடுக்க முடியும்?"

டெவலப்பர்கள் கூடிப் பேசும் அந்த இணையக் குழுமத்தில் நீ இதைக் கேட்டுப் போட்டாய். வால் பெரிய கோப்பை விடப் பெரிதாக வளர்கிறது, ஏன் என்று. படிக்கிறவனை மூடச் சொல் என்று எங்கெங்கிருந்தோ பதில் வந்தது. நீ பாஸ்கர் சாரிடம் போனாய். "அது நல்லா ஓடிட்டிருக்கும்மா, கஸ்டமர்ஸ் லைக் பண்றாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து காலையில் வந்ததும் நீயே போய் அந்த டிவியின் சுவிட்சை அணைத்து மறுபடி போடுவாய். அந்த இடைவெளியில் வால் உள்ளே போய்ச் சேரும். மெர்சி மேடத்துக்கு டிவி மேல் என்ன கோபம் என்று செக்யூரிட்டி கேலி செய்வார்.

உனக்குப் பிறகு நான் அணைத்துப் போட்டேன். அப்புறம் என்னை இருங்காட்டுக்கோட்டை யூனிட்டுக்கு அனுப்பினார்கள். டிவியைத் தினமும் அணைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். தலையை ஆட்டினார்கள். டிவி அணையவே இல்லை. வால் வளர்ந்துகொண்டே போனது.

நான் திரும்பி வந்தபோது ஆயுத பூஜை முடிந்து லைன் ஓட ஆரம்பித்திருந்தது. மெஷின்களில் சந்தனம் காய்ந்து கிடந்தது, வாழைக்கன்று வாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உன் மேசையிலும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் பேக்கிங்கில் இருந்து லட்சுமி அக்கா கூப்பிட்டார். உன்னோடு டப்பா மாற்றிச் சாப்பிடுவாரே, அதே லட்சுமி அக்காதான். இரண்டு கையிலும் இரண்டு சிலிண்டர்.

"மேடம், இன்னா மேடம் இது? ஒரே நம்பரு ரெண்டு பீஸ்ல கீது. ரெண்டுக்கும் பச்சை எரியுது. நல்லதா கெட்டதா?"

வாங்கிப் பார்த்தேன். ஒரே எண்தான். ஓர் எண்ணை மெஷின் இரண்டாம் தரம் பொறிக்கவே கூடாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி சோதனை மெஷினில் ஏற்றினேன். முதலாவது பாஸ். இரண்டாவதை ஏற்றியதும் அழுத்த முள் கீழே இறங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

கசிகிற சிலிண்டர், மெர்சி. அதற்குத்தான் நம் புரோகிராம் பச்சை விளக்கு போட்டிருக்கிறது. ஸ்கேனரைக் கீழே போட்டுவிட்டேன். லட்சுமி அக்கா எடுத்துக் கொடுத்தார். "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

கணினியைத் திறந்து பார்த்தேன். பெரிய கோப்பு இருந்தது. அதில் நான் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன வாரத்தோடு பதிவுகள் நின்றிருந்தன, அதற்குப் பிறகு பூஜை முடிந்து வந்த பதிவுகள். நடுவில் ஓடிய நாட்கள் முழுக்கக் காணோம். பழைய வாலும் காணோம். லட்சுமி அக்காவிடம் பூஜைக்கு முந்தின நாள் இங்கே என்ன நடந்தது என்று மெல்லக் கேட்டேன்.

"இன்னா நடந்துச்சி, வருஷா வருஷம் நடக்கறதுதான். மெயினை ஆஃப் பண்ணிட்டு எல்லாத்தையும் தொடைச்சோம். டிரே எல்லாம் கழுவணும்னு பீஸுங்களை மொத்தமா ஒரு டேபிள்ல கொட்டிட்டோம். சிவப்பு டிரேல இருந்ததையும்தான். எது நல்லது எது கெட்டதுன்னு கம்ப்யூட்டரு சொல்லிடும்ல? அப்பால மெயினைப் போட்டதும் கம்ப்யூட்டரையும் கிளீன் பண்ணுங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. இடம் இல்லை இடம் இல்லைன்னு அதுல செவப்பா எழுத்து வந்துகினே இருந்துச்சி. என் போன்ல அப்பிடி வந்தா பெருசா கீற ஃபைலை அழிச்சிடுவேன். இதுலயும் பேரு ஊரு இல்லாம ஒண்ணு பெருசா கெடந்துச்சி, அதை அழிச்சேன். ஜோரா ஓடுது பாருங்க இப்போ!"

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் என்ன சொல்வேன்? முறைப்படி புரோகிராமை மூடியிருந்தால் வால் தானே உள்ளே போயிருக்கும். மெயினை இழுத்து அணைத்ததால் அது வெளியே கிடந்தது. அந்த நாட்களின் பதிவு முழுக்க அதில்தான். அது போனதும் நம் புரோகிராம் பழைய கடைசி எண்ணைப் பார்த்தது, அடுத்த எண்ணிலிருந்து மறுபடி பொறிக்க ஆரம்பித்தது. பூஜைக்கு முன்னால் ஃபெயிலாகிச் சிவப்பு டிரேயில் கிடந்த சிலிண்டரின் எண்ணில் இப்போது புதிதாக ஒரு சிலிண்டர், அது பாஸ். கெட்டதை எடுத்து ஸ்கேன் செய்தாலும் கணினி புதியதன் பதிவைப் பார்த்துப் பச்சை போடும். டிரேக்களைக் கழுவியதில் எல்லாம் கலந்து கிடந்தன. பெட்டிகள் வேன் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தன.

குழுமத்தில் எழுதினேன். நீ கேட்ட அதே கேள்விக்குக் கீழேயே எழுதினேன், உன் பேர் மேலே இருக்கட்டும் என்று. முதலில் வந்தவன் எந்த வெர்ஷன் என்று கேட்டான். அடுத்தவன் திட்டினான், அந்தக் கோப்பும் டேட்டாபேஸ்தான், அதைத் தனியாக அழிக்கக் கூடாது என்று தெரியாதா என்று. இன்னொரு புண்ணியவான் வழி சொன்னான். அழித்த கோப்பு உடனே மறையாது, அதன் இடத்தில் வேறு ஏதாவது எழுதும் வரை ஹார்ட் டிஸ்க் வட்டில் கிடக்கும், கணினியை உடனே அணைத்து வட்டைக் கழற்றி நகல் எடுத்துத் தேடு என்றான். அப்படியே செய்தேன். வாலில் பாதி கிடைத்தது. அந்தப் பாதியிலேயே பல ஃபெயில்.

அப்போது ஒருத்தர் கேட்டார், இந்தப் பதிவுகள் எதைப் பற்றியவை என்று. வேன் பிரேக் சிலிண்டரின் கசிவுச் சோதனை என்று எழுதினேன். பிறகு முதலில் திட்டினவனே எழுதினான். "டேட்டாபேஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள்."

எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதுவரை கோப்பு, வால், வட்டு என்று அதிலேயே ஒளிந்துகொண்டிருந்தேன் போல.

பாஸ்கர் சார் அறைக்குப் போனேன். முழுதும் கேட்டார். கெட்டவர் இல்லை மெர்சி, உன் சாவுக்கு வந்து சேரப்பணஞ்சேரி மாதா கோயில் வாசலில் நின்று அழுதவர்தான். தண்ணீர் குடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரேவதி, பிராக்டிகலா யோசிங்க. நாளைக்குக் கஸ்டமர் வர்றாங்க. ரெட்டை நம்பருக்கு ரிப்போர்ட்ல புரோகிராம் எரர்னு போடுவோம். பழைய டெவலப்பர் எழுதினது, இப்போ சரி பண்ணிட்டோம், அவ்ளோதான். அவங்க உயிரோட இல்ல, யாருக்கும் பாதிப்பில்ல. அந்த லேடிக்கு வேலை போகாது. உங்க கான்ட்ராக்டும் ரின்யூவலுக்கு வருது, இல்லையா?"

"டிவி போர்டு பத்தி, சார்?"

"அதை எதுக்கு இழுக்கணும்?"

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "என் பேர்ல போடுடி, என்னை இன்னா டிஸ்மிஸ்ஸா பண்ணப்போறானுங்க?" என்று மேசையைத் தட்டிச் சிரித்திருப்பாய். லட்சுமி அக்காவுக்காக நீயே எழுதிக் கொடுத்திருப்பாய். நான் ஏறக்குறைய சரி சார் என்று சொல்லிவிட்டேன். ஏறக்குறைய என்ன, தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை நீ சுமந்துகொள்வாய், உனக்கென்ன. ஆனால் புரோகிராம் எரர், சரிசெய்துவிட்டோம் என்று எழுதினால் அதோடு கதை முடிந்தது. ஒருத்தரும் ஒரு வண்டியையும் நிறுத்த மாட்டார்கள். கசிகிற சிலிண்டர்கள் பச்சை விளக்கு வாங்கிக்கொண்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேன்கள். ஒரகடம் ரோட்டில் வேனுக்கா பஞ்சம்? கம்பெனி ஷிஃப்ட் வேன், பள்ளிக்கூட வேன், கோழி ஏற்றுகிற வேன். ஒவ்வொன்றின் பின்னால் போகும்போதும் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். முன்னால் போகும்போது அது நிற்குமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். படப்பை சிக்னலில் ஒருத்தர் என்னைப் பார்த்து, "இன்னாமா, ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்று கத்தினார்.

வீட்டு வாசலில் யாழினி நின்றிருந்தாள். "அம்மா, அன்பு அங்கிள் புது வண்டி வாங்கிட்டாரு! ஜன்னல் சீட் எனக்குத்தான்!" என்றாள்.

அன்பு யார் என்று உனக்குத் தெரியும், அவளுடைய பள்ளிக்கூட வேன் டிரைவர். என்ன வண்டி என்று கேட்டேன். அவள் பேர் சொன்னாள். நம் சிலிண்டர் போகிற அதே வேன்.

எப்போதும் சொல்வாயே, "பயமா இருந்தா பேக்கப் எடுடி" என்று. உன் பேச்சைக் கேட்டு எல்லாவற்றுக்கும் பேக்கப் வைத்திருக்கிறேன். இவளுக்கு எங்கேயடி பேக்கப் எடுப்பேன்?

காலையில் வேன் வந்தது. புத்தம் புதுசு, கண்ணாடியில் பூமாலை, முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் கூட இன்னும் வாடவில்லை. நான் யாழினியின் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்புவிடம் பானெட் மூடியைத் திறக்கச் சொன்னேன்.

"இன்னா மேடம் விளையாட்றீங்களா? டைம் ஆச்சி. வண்டி வந்து ஒரு வாரம் கூட ஆவல."

"அன்பு, பிரேக் சிலிண்டர் எங்க கம்பெனிதான். ஒரு நம்பர் பாக்கணும். கையெடுத்துக் கும்பிடறேன், திறங்க."

நான் கும்பிட்டதும் அவர் பயந்துபோய்த் திறந்துவிட்டார். ஆபீஸ் புடவையோடு தெருவில் குனிந்து, போன் வெளிச்சத்தை அடித்து, துணியால் துடைத்துத் துடைத்து எண்ணைப் படித்தேன். உள்ளே பிள்ளைகள் கும்மாளமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா கோலப்பொடியோடு நின்று வேடிக்கை பார்த்தார். எண் அந்த இரட்டை எண்களுக்கு வெகு முன்னால் வந்தது. சந்தேகமே இல்லாமல் நல்ல சிலிண்டர்.

மெர்சி, எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா நம்ம வண்டி இல்லை, நம்ம வண்டி இல்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

"நம்ம வண்டி இல்லைன்னா வேற யார் வண்டி மேடம்?" என்று கேட்டார் அன்பு.

அவர் சும்மா கேட்டார். மூடியைச் சாத்திவிட்டு, பதிலுக்கும் நிற்காமல் ஏறிப் போய்விட்டார். யாழினி ஜன்னல் சீட்டிலிருந்து கை ஆட்டினாள். நான் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. மெயின் ரோட்டில் வேன்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் ஜன்னலிலும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை.

நேரே ஆபீசுக்குப் போனேன். கஸ்டமரான வேன் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே டிவி போர்டு பச்சைப் பச்சையாக எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. பாஸ்கர் சார் ரிப்போர்ட்டைப் படிக்க ஆரம்பித்தார். பழைய டெவலப்பர் என்ற இடம் வந்ததும் நான் எழுந்தேன். உட்காரும்மா என்று பாஸ்கர் சார் கண்ணைக் காட்டினார்.

"சார், முதல்ல உங்க வண்டிங்களை நிறுத்துங்க. கசியற சிலிண்டர் உங்க கிட்ட வந்திருக்கு."

அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. டிவி, வால், பூஜை, டிரே, ஒரே எண் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் மெர்சி, உன் பங்கையும் சொன்னேன். கடைசிப் பதிவைப் பார்த்து அடுத்த எண்ணைப் போடுகிற அந்த வழி நாம் இருவரும் சேர்ந்து எழுதியது, அதற்கு ஒரு தனிக் காவல் வைத்திருக்க வேண்டும் என்று. உன் பேரை முழுதாகக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. உன்னுடையதல்லாத பழியை மட்டும் உன் மேலிருந்து இறக்கினேன். அது உனக்குச் சரிதானா?

யார் அழித்தது என்று அந்த அதிகாரி கேட்டார். பூஜைச் சுத்தத்தில் நடந்தது என்று மட்டும் சொன்னேன். பேர் என்ன என்று மறுபடி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கதவருகில் டீ கிளாஸ் எடுக்க வந்த லட்சுமி அக்கா அப்படியே நின்றார்.

"நான்தான் சார் அழிச்சேன். அது இன்னான்னு தெரியாம அழிச்சிட்டேன் சார். கொயந்தைங்க போற வண்டியா சார் அது?"

எனக்கு வந்த அதே பயம் இப்போது அவர் முகத்திலும் இருந்தது. நான்தான் அதை அவருக்குக் கொடுத்தேன்.

அன்றைக்கே வேன் கம்பெனி கிடங்கைப் பூட்டினார்கள். அந்த எண்கள் வருகிற பெட்டி எல்லாம் திரும்பி வந்தன. லட்சுமி அக்காதான் ஒவ்வொன்றாக எடுத்து மெஷினில் ஏற்றினார், வேறு யாரையும் தொட விடவில்லை. கசிவது ஒவ்வொன்று கிடைக்கும்போதும் "மாதாவே" என்பார். மாதாவைக் கூப்பிடும் பழக்கம் உன்னிடமிருந்து வந்ததுதானே? ஏற்கெனவே வண்டியில் பூட்டியவற்றை, விற்பனைக்கு நிற்கும் யார்டிலேயே கழற்றினார்கள். விற்றுப்போன வண்டிகளைப் போன் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிவி போர்டைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் அதன் இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது, நீ பார்த்தால் குதிப்பாய்.

பாஸ்கர் சார் என்னோடு பேசுவதில்லை. கான்ட்ராக்ட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் கேட்டில் ஐடி கார்டைக் காட்டும்போது பச்சை எரியுமா சிவப்பு எரியுமா என்று விளக்கையே பார்க்கிறேன். இதுவரை பச்சைதான். லட்சுமி அக்காவை வேறு லைனுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. என்னால்தானா? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இருவரும் நிம்மதியாக இருந்திருப்போமா? இதை நீதான் சொல்ல வேண்டும், உனக்கோ வாய் இல்லை.

இப்போது உண்மையான பயத்துக்கு வருகிறேன். எண்ணுக்கு இரண்டு என்று சரிபார்த்துத் தேடியதில் கசிகிற சிலிண்டர்கள் எல்லாம் கிடைத்துவிட்டன, ஒன்றைத் தவிர. மீட்ட வாலில் அதன் எண் இருக்கிறது, ஃபெயில் என்று தெளிவாக இருக்கிறது. அந்த எண்ணில் ஒன்றே ஒன்றுதான் கைக்கு வந்தது, அது நல்லது. அதன் இரட்டை எங்கே? பெட்டியிலும் இல்லை, யார்டிலும் இல்லை. கழுவிய டிரேயின் இடுக்கில் விழுந்து பழைய இரும்போடு போயிருக்கலாம் என்கிறார்கள். போயிருக்கலாம். ஏதோ ஒரு வண்டியில் உட்கார்ந்திருக்கவும் செய்யலாம். ஒருத்தர் பெடலை மிதித்துக்கொண்டிருக்கலாம், இன்றைக்கு அது பிடித்திருக்கலாம்.

அந்த எண் எனக்கு மனப்பாடம். இங்கே எழுதவில்லை, படிக்கிறவர்கள் பாவம். தேடல் பட்டியலை மூடிவிடு என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள், ஒன்றுதானே என்கிறார்கள். மூடவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திறந்தே வைத்திருக்கிறேன், வேலையை விட்டுத் துரத்தினாலும் அந்த எண்ணோடுதான் வெளியே போவேன். அன்பு தன் சங்கத்து டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பை ஸ்டாண்டுக்கு வேன்கள் வருகின்றன, நானும் லட்சுமி அக்காவும் மூடியைத் திறந்து எண்ணைப் பார்க்கிறோம். பைத்தியங்கள் என்று நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

கல்லறைத் திருநாள் வருகிறது. மெழுகுவத்தியும் பூவும் வாங்கிக்கொண்டு யாழினியையும் கூட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு வருவேன். கிடைத்திருந்தால் கிடைத்தது என்று சொல்வேன். கிடைக்காவிட்டாலும் வந்து, இன்னும் தேடுகிறேன் என்று சொல்வேன், அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும். நீ சொல்லிக்கொடுத்த மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வை, அந்த வண்டி எங்கே இருந்தாலும் மெதுவாகப் போகட்டும்.

உயிரோடு இருந்தபோது ஒருநாளும் வாயில் வராத வார்த்தை இது. பயத்தில் வருகிறது என்று சிரிக்காதே. கூட இரு, அக்கா.

உன் தங்கச்சி,
ரேவதி